ஒரே நிறத்தில் இரண்டு

நான்காவது வீடியோ கேம் கன்ட்ரோலரையும் வேண்டாமென்று மேசைமேல் வைத்தார் பஸ் டிரைவர். "பட்டன் இறுக்கமா இருக்கு."

கடைக்காரிக்கு இந்நேரம் எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழைய காலத்துச் சண்டை விளையாட்டு. அது ஓடிய விளையாட்டுப் பெட்டிகளெல்லாம் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. பழைய ஆட்டங்களை ஓடவைக்கும் எமுலேட்டர் புண்ணியத்தில் இப்போது அவள் கடைக் கம்ப்யூட்டரில் உயிரோடிருக்கிறது. கன்ட்ரோலர் வாங்க வருகிறவர்கள் அதில்தான் ஆடிப் பார்ப்பார்கள். பாதிப் பேர் முதல் எதிராளியிடமே மண்ணைக் கவ்வுவார்கள்.

இந்த மனிதர் டூட்டி முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து, நின்றபடியே கடைசி எதிராளி வரை போய் வந்துகொண்டிருந்தார்.

அடி விழுமுன்பே ஒதுங்கிவிடுவார். ஒதுங்கியதும் தெரியாது, திருப்பிக் கொடுத்ததும் தெரியாது. எதிராளி தரையில் கிடப்பது மட்டும் தெரியும்.

எதைக் கொடுத்தாலும் ஜெயித்தார். ஜெயித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

கடைசியில், கடையிலேயே உசத்தியானதை, கறுப்பு நிறத்தில், உறை பிரித்துக் கொடுத்தாள். "இதுக்கு மேல ஒண்ணு இல்லைண்ணா. விரல் பட்டாலே போதும்."

ஒரு ஆட்டம் ஆடினார். முகம் மலர்ந்தது.

"இதை எடுத்து வைங்க தங்கச்சி. இதே மாதிரி, இதே நிறத்துல இன்னொண்ணு வேணும். ஆனா அது கொஞ்சம் மக்கர் பண்ணணும்."

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அவளுக்குச் சந்தேகம். அப்படி ஒன்று இருக்கத்தான் செய்தது. யாரோ திருப்பிக் கொடுத்தது. பட்டனை அழுத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வேலை செய்யும். யார் தலையிலும் கட்டிவிடக் கூடாது என்று மேசைக்கடியில் போட்டு வைத்திருந்தாள். அதை எடுத்து நீட்டினாள்.

முதல் எதிராளி, இருப்பதிலேயே நோஞ்சான், அவரைப் புரட்டி எடுத்தான். குனிந்தார், தடுத்தார், தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். ஒவ்வொன்றும் அடி விழுந்த பிறகே திரைக்கு வந்து சேர்ந்தது. மறுபடி ஆடினார். மறுபடியும் தோற்றார்.

மனிதருக்கு முகமெல்லாம் பல். "இதேதான். கட்டிடுங்க."

"யாரையாவது ஏமாத்தப் போறீங்களாண்ணா?"

"ஆமா. வீட்டுக்காரியை."

அவளுக்குச் சுருக்கென்றது. மக்கரை மனைவி கையில் கொடுத்துவிட்டு இவர் ஜெயித்துக்கொண்டிருப்பாரா? இவ்வளவு நேரம் வாயைப் பிளந்து பார்த்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

"பாவம்ணா அவங்க. நீங்க ஆடுற ஆட்டத்துக்கு அவங்க எப்படி ஈடு கொடுப்பாங்க?"

டிரைவர் சிரித்தார். "எனக்கு இந்த ஆட்டத்தைக் கத்துக்கொடுத்ததே அவதான். கல்யாணம் ஆன நாள்லேருந்து வருஷக்கணக்கா எங்கிட்ட அவ தோத்ததே கிடையாது. வேணும்னே விட்டுக்கொடுத்தா ஒரு நொடியில கண்டுபிடிச்சிடுவா. அப்புறம் ரெண்டு நாளைக்குப் பேச்சு வார்த்தை இருக்காது."

புதிய கன்ட்ரோலரை உறைக்குள் பதமாக வைத்து, "இது அவளுக்கு" என்றார்.

மக்கரைச் சட்டை நுனியால் துடைத்துத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அவளுக்குத் தலையில ஆபரேஷன் ஆச்சு. விரலெல்லாம் இன்னும் சொன்ன பேச்சு கேக்கலை. போன மாசத்துலேருந்து தினமும் நான்தான் தங்கச்சி ஜெயிச்சுக்கிட்டிருக்கேன்."