இன்னும் பெயர் வைக்கவில்லை

பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தின் மாடியில் பகடைகளை உருட்டியபடி மூவரும் காத்திருந்தார்கள். கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவனை இன்னும் காணோம்.

"அவன எப்படித்தான் கூப்பிடறது? மாஸ்டர்னா டியூஷன் சார் மாதிரி இருக்கு லா" என்றாள் ஃபர்ஹானா.

"சூத்திரதாரி?" என்றான் சாத்தப்பன்.

"ஐயோ, கூத்து போடறவன் மாதிரி இருக்கு!"

ஐந்து வாரமாக இதே சண்டை. அவனிடம் சொந்தப் பெயரைக் கேட்டாலும், "நீங்களே ஒன்னு வைங்க" என்று சிரிப்பான்.

ஹேமாவுக்கு அவனுடைய கேள்விகள் பிடிக்கும். போன வார ஆட்டம் முழுக்க, அதற்காக அவள் வரைந்த கோட்டையைப் பற்றியே கேட்டான். சாவி எங்கே? துளசி மாடத்துக்குப் பின்னால். காவலுக்கு யார்? முட்டிவலியால் எழுந்து நடக்க முடியாத ராணி மட்டும்.

கைப்பேசி அடித்தது. அம்பாங் வீட்டிலிருந்து அம்மா.

"ஹேமா, உன் கூட்டாளின்னு ஒருத்தன் வந்திருக்கான்மா. நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள துளசி மாடத்துச் சாவிய எடுத்து அவனே கதவத் திறந்துட்டான்."

ஹேமா சட்டென்று எழுந்தாள். கோட்டை என்று அவள் வரைந்தது தன் வீட்டைத்தான்.

"யாரும்மா? பேர் கேட்டீங்களா?"

"கேட்டேனே. நீங்க இன்னும் வைக்கலயாமே?"