மணல்மேட்டின் முதல் குடிமகன்

கடலோர மணல்மேட்டுப் பூஞ்சைக்கு நடந்த அநியாயம் இதுதான்: பிறந்து வளர்ந்த மண்ணின் கணக்கெடுப்பிலேயே அதைப் 'பிழை' என்று சொல்லி நீக்கிவிட்டார்கள்.

நீக்கியது, ஆய்வகத்தில் டிஎன்ஏ படிக்கும் இயந்திரம். மணல்மேட்டிலிருந்து அள்ளி வந்த ஒரு குப்பி மணலைப் படித்து, அதில் வாழும் பூஞ்சைகளை எல்லாம் பட்டியலிட்டது. முதலிடம் யாருக்கு? ரொட்டிப் பூஞ்சைக்கு!

மிச்ச மணலில் கிடந்த மணல்மேட்டுப் பூஞ்சை கொதித்துப்போனது. "மழைநீர் தங்காத உப்பு மணலில் புல்வேருக்குத் தண்ணீர் தேடிக் கொடுப்பவள் நான். என் பெயர் எங்கே?"

"உன் டிஎன்ஏ ஒரே ஒரு முறைதான் கண்ணில் பட்டது," என்றது இயந்திரம். " ஒருமுறை மட்டும் வருவதைப் பிழையென்று தள்ளுவது எங்கள் வழக்கம். ரொட்டிப் பூஞ்சை ஐயா நாலாயிரம் முறை வந்திருக்கிறார்."

"ஏன் வரமாட்டார்? ஆய்வு மேசையில் யாரோ பிரித்த ரொட்டிப் பாக்கெட்டிலிருந்து குப்பிக்குள் விழுந்தவர்தானே!"

"பொறாமைப்படாதே தங்கச்சி," என்றது ரொட்டிப் பூஞ்சை. "நானும் மண்ணின் மைந்தன்தான். அறிக்கையிலேயே போட்டிருக்கிறது."

அறிக்கையைப் படித்தவர்கள், மணல்மேட்டைச் செழிக்க வைக்க அதன் முதல் குடிமகனையே அனுப்புவதென்று முடிவெடுத்தார்கள். மிச்ச மணலோடு ரொட்டிப் பூஞ்சையையும் கலந்து, கொண்டுபோய்ப் புல்லடியில் கொட்டினார்கள்.

காலை பத்து மணி வெயிலுக்கே மண்ணின் மைந்தர் சுருண்டுவிட்டார்.

"தங்கச்சி, உப்பு எரிகிறதே! ஒரு சொட்டுத் தண்ணீர் கொடேன்!"

மணல்மேட்டுப் பூஞ்சை புல்வேரை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டு சொன்னது: "நான் வெறும் பிழை அண்ணே, என்னிடம் போய்க் கேட்கலாமா? பட்டியலில் முதலாவதாக ஒரு பெரியவர் இருக்கிறாராம். அவரைக் கேளுங்கள்."