ஓதின தண்ணி

வீரம்மாவின் காலைக் காப்பாற்றியது சலாஹுதீன் பாய் ஓதிக் கொடுத்த தண்ணீர்தான் என்கிற கதையைத் தேனப்பன் மூன்று வருடமாக நம்பவில்லை. கதையைச் சொன்னவரே பாய்தான் என்பதால் சந்தேகம் இன்னும் கூடியது.

முதலாளி ரப்பர் தோட்டத்தை விற்ற பிறகும் பழைய தொழிலாளர் லயத்தை விட்டுப் போகாதவள் வீரம்மா. தேனப்பன் தலைவராக இருக்கும் ஈப்போ கோயிலில் வாசல் கூட்டுபவள். காலில் புண் வந்து அழுகத் தொடங்கியபோது முதலில் அவரிடம்தான் வந்தாள்.

"போன ஜென்மத்து வினைம்மா. அனுபவிச்சுத்தான் தீக்கணும்" என்றார். மனசு கேட்காமல், அன்னதானத்தில் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல் தினமும் ஒரு கரண்டி கூடுதலாக வைக்கச் சொன்னார்.

அடுத்து அவள் போன இடம் பாயின் சாப்பாட்டுக் கடை. நாலு மாதத்தில் புண் ஆறிவிட்டது.

நேற்றுதான் அவளே வாய்விட்டாள். "தண்ணி சும்மா பலிக்கலைங்கய்யா. பாய் ரத்தம் கேட்டாரு, கொடுத்தேன். எங்க தோட்டத்து முனியாண்டி கேக்காத ரத்தமா?"

தேனப்பன் ஆடிப்போனார். இன்று காலை கடைக்கே போய்விட்டார். இடது கால் கட்டைவிரலில் இரண்டு வாரமாக ஆறாத காயம் சப்பாத்துக்குள் வலித்தது. நகம் வெட்டியபோது பட்டதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏழைகிட்ட ரத்தம் வாங்கினீங்களாமே பாய்?"

"ஒரு சொட்டுதான் செட்டியாரே. வெரல் நுனியில."

"வெக்கமா இல்ல?"

"நான் எங்க வாங்கினேன்? அரசாங்க கிளினிக்ல நர்ஸ் மிஸ்ஸி வாங்கினாங்க." பாய் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "டாக்டர்கிட்ட போனா சாமி கோவிச்சுக்கும்னு அந்தம்மா அழுதுச்சு. ரத்தம் காணிக்கைன்னு சொன்னேன், போயிருச்சு. இனிப்புநீர் வியாதின்னு அங்கதான் தெரிஞ்சுது. மாத்திரையை ஓதின தண்ணியில முழுங்கினாத்தான் பலிக்கும்னேன். இன்னிக்கும் ஒரு வேளை தப்புறதில்ல லா."

"அப்போ ஓதினது பொய்யா?"

"நெசமாத்தான் ஓதினேன். மாத்திரையைத் தூக்கிப் போட்டுறக் கூடாதுன்னு துஆ கேட்டேன்." பாய் கோப்பையை அவர் முன்னால் வைத்தார். "சர்க்கரைப் பொங்கலை மட்டும் நிறுத்தச் சொன்னேன். யாரோ புண்ணியவான் தினம் ஒரு கரண்டி கூடுதலா வெச்சிக்கிட்டு இருந்தாராம்."

தேனப்பன் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தார். சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். பக்கத்து மேசையில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பாய், அந்தத் தண்ணி செட்டியாருக்கும் பலிக்குமா?"