முள்தரைக் கோயில்

கோயில் வாசலில் பூட்ஸைக் கழட்டி வைத்துவிட்டு உள்ளே போனேன். பத்தாவது அடியில் செத்துப்போனேன்.

நாற்பதாவது தடவையோ ஐம்பதாவது தடவையோ. எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டர் திரை கறுத்து, ரத்தம் வழிகிற மாதிரி எழுத்தில் நான் செத்ததை அறிவித்தது. சாவுக்கு அத்தனை அலங்காரம்.

மத்தியானப் பால் ஊற்ற வந்த கெங்கம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறாள்.

“இன்னா மாமி, பேய் கீற கோயிலுக்குமா செருப்பக் கழட்டுவாங்க? தரையெல்லாம் முள்ளு கீதே, தெரில?”

தெரிகிறது. கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபுரமும் மணியும் இருக்கிற இடத்துக்குள் காலில் தோலை மாட்டிக்கொண்டு நுழைய எனக்கு மனசு வரவில்லை. நாலு தலைமுறையாக மலைக்கோயில் மடப்பள்ளியில் கரண்டி பிடிக்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். உள்ளே உட்கார்ந்திருப்பது அசுரனே ஆனாலும் கோயில் கோயில்தான்.

அசுரனை வதம் செய்துவிட்டு வந்த சாமிக்குக் கோபம் தணிந்த ஊர் இது. ஊர்ப் பேரே அதுதான். எனக்குத்தான் தணியவில்லை, என் மேலேயே எனக்கு இருக்கிற கோபம்.

இந்த விளையாட்டு என் பிள்ளையுடையது. ஸ்கந்தகுமார் என்று பேர், வீட்டில் கந்தா. இருபத்திரண்டு வயதில், கரண்டி பிடிக்க மாட்டேன், புனேயில் வேலை கிடைத்திருக்கிறது என்றான். போனால் திரும்பி வராதே என்றார் அவன் அப்பா.

போய்விட்டான். பதினாலு மாதம் ஆகிறது. ஒரு போன் இல்லை. பழைய நம்பரும் இல்லை. அவன் பேரை எடுத்தால் இவர் சாப்பிடுகிற கையை உதறிவிட்டு எழுந்துவிடுகிறார். ஊருக்கெல்லாம் பிரசாதம் வடிக்கிற மனுஷன்.

அவன் பெட்டியும் கம்ப்யூட்டரும் மட்டும் இங்கேயே கிடக்கின்றன.

ஒருநாள் தூசி தட்டப் போய் சுவிட்சைப் போட்டேன். அவன் பேரிலேயே இந்த ஆட்டம் திறந்துகொண்டது. பாழடைந்த ராஜ்ஜியத்தின் நடுவில், கவசம் போட்ட ஒருத்தன் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தான். கந்தா நிறுத்திவிட்டுப் போன இடத்திலேயே.

இதற்குள் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யாரும் வந்து, கூட நின்று சண்டை போடலாமாம். பேச முடியாது. கும்பிடலாம், தலையாட்டலாம், அவ்வளவுதான். கந்தாவைத் தெரிந்தவன் எவனாவது வரமாட்டானா என்றுதான் உட்கார்ந்தேன்.

பைத்தியக்காரத்தனம்தான். இவர் மலைக்குக் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரை எனக்குப் பேச்சுத்துணை சுவர்தான். கொஞ்சம் பைத்தியம் பிடித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஒன்பது நாளாக ஒருத்தன் வருகிறான். முகம் மூடிய வெள்ளை நிழல். பேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி. பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் கட் முடிந்து நான் ஆட்டத்துக்குள் போனால், ஐந்தாவது நிமிஷம் பக்கத்தில் நிற்பான்.

என்னைவிடக் கெட்டிக்காரன். எனக்கு விழ வேண்டிய வெட்டையெல்லாம் தானே வாங்கிக்கொள்வான்.

கோயில் வாசல் வந்தால்தான் தகராறு. ஒவ்வொரு தடவை உயிர் கொடுக்கும்போதும் ஆட்டம் என்னைக் காலில் பூட்ஸோடுதான் எழுப்புகிறது. ஒவ்வொரு தடவையும் நான் கழட்டுகிறேன். முதல் நாள் அவன் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நான் யார் பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

மூன்றாம் நாளிலிருந்து அவன் தலையாட்டுவதில்லை. நான் கழட்டுவதையே பார்த்துக்கொண்டு நிற்பான். நான் செத்ததும் போய்விடுவான்.

கெங்கம்மாள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மறுபடி எழுந்து வந்தேன். இன்றைக்கும் அவன் வந்தான்.

வாசலில் பூட்ஸைக் கழட்டினேன். படிக்கு இடது பக்கமாக வைத்தேன். எங்கள் வீட்டில் செருப்பு விடுகிற பக்கம் அது.

நிழல் அசையாமல் நின்றது. உடுப்பு மாற்றுகிற பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ தேடுகிறவன் அப்படித்தான் நிற்பான். நானும் நின்றிருக்கிறேன்.

அப்புறம்தான் அவன் காலைப் பார்த்தேன். வெறுங்கால்.

படிக்கு இடது பக்கம், என் பூட்ஸை ஒட்டி, இன்னொரு ஜோடி.

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

அன்றைக்கு அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுத் தெருவில் இறங்கியவன், பெட்டியை எடுக்கத் திரும்பி வந்தான். ஷூவோடு நிலைப்படி தாண்டக் காலைத் தூக்கினான். போகாதேடா என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

“ஷூவக் கழட்டிட்டு உள்ள வாடா.”

தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தான். பெட்டியை எடுக்காமலேயே போய்விட்டான்.

திரையில் வெள்ளை நிழல் எனக்கு முன்னால் படியேறியது. ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. அப்புறம் முள்ளில் காலை வைத்தது.

நானும் வைத்தேன்.

பத்தடியும் சேர்ந்து நடந்தோம்.