நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

சத்தியபாய் டிரங்குப் பெட்டியை நடுவீட்டில் திறந்து போட்டுச் சேலைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். மடித்து வைக்கவெல்லாம் அவளுக்குப் பொறுமை இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் விலாசினியின் சுயசரிதை கிடந்தது.

"மூணு நாளா ஒரே கேள்வியக் கேக்கேன். இந்த மனுசன் ஒழுங்கா ஒரு பதில் சொல்லல்ல. நான் அப்பாகூடப் போறேன்."

புருஷன் கனகதாஸ் ஆர்மோனியப் பெட்டிமேல் கையை ஊன்றி நின்றான். "அந்தக் கடிதத்த நான் எழுதல்ல சத்தியா. எனக்குத் தமிழ் எழுத வராதுன்னு உனக்குத் தெரியும் இல்லியா? நான் படிச்சது மலையாளப் பள்ளிக்கூடத்திலயாக்கும்."

"வராதுன்னா ஆளை வச்சு எழுதியிருப்பீரு!"

கனகதாஸ் வாசல் பக்கம் நாற்காலியில் இருந்த மாமனாரைப் பார்த்தான். அவர் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடக மேடையிலும் கிராமபோன் பிளேட்டிலும் பாடிப் பேர் வாங்கியவள் விலாசினி. ஒன்பது வருஷத்துக்கு முன் பாறசாலைச் சந்தைத் திடலில் அவள் கம்பெனி நாற்பது நாள் கொட்டகை போட்டது. அப்போது அவளுக்கு ஆர்மோனியம் வாசித்தவன் கனகதாஸ். இப்போது அவள் மேடையை விட்டு விலகி, எதையும் ஒளிக்காமல் தன் கதையை எழுதிவிட்டாள். புத்தகம் போன வாரம் ஊருக்கு வந்தது.

அதோடு ஊரில் வேலை வெட்டி நின்றுபோயிற்று. டீக்கடையில் சத்தம் போட்டு வாசித்தார்கள். காரக்கோணத்திலிருந்து நடந்து வந்து இரவல் கேட்டார்கள். சர்ச் சபைப் பெண்கள் கூடி இதை யாரும் படிக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள், கடைசிப் பக்கம் வரை படித்து முடித்துவிட்டு. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கனகதாசின் பேர் இருந்தது.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். பாறசாலை தமிழகத்தோடு சேர வேண்டும் என்கிறவர்களும் சேரக்கூடாது என்கிறவர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. கனகதாசைப் பார்த்துச் சிரிப்பதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒற்றுமையாக இருந்தது.

மாமனார் ஞானசிகாமணி செங்கல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். மறுநாள் நடக்க இருந்த போராட்டக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். "அந்த அசிங்கத்த எனக்க கண்ணில காட்டாத" என்று புத்தகத்தைக் கையால்கூடத் தொடவில்லை.

ஒரு சென்ட் நிலம் இல்லாத ஆர்மோனியக்காரனுக்கு இவர் ஒற்றை மகளை எப்படிக் கொடுத்தார் என்று ஊர் எட்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. "ஏமாந்துபோனார், பாவம்" என்று இந்த வாரம் முடிவு கட்டியது.

"மக்கா, பெட்டியப் பூட்டு. மூணு மணி பஸ் போனா பிறகு வண்டி இல்ல. அந்த புக்க அடுப்பில இட்டுட்டு வா" என்றார் வாத்தியார்.

"மாமா..." என்றான் கனகதாஸ். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா மதி, அது போதும். இவ போகமாட்டா."

"நான் சொல்ல என்ன இருக்கு?" வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கனகதாசுக்கு ஆர்மோனியத்தைத் தூக்கி முற்றத்தில் எறியலாம்போல் ஆத்திரம் வந்தது. எட்டு வருஷம் கூட இருந்தவள் கண்முன்னால் போகிறாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

சத்தியபாய் பெட்டியைப் பூட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, புத்தகத்தைக் கையில் எடுத்தாள். "நில்லுங்க அப்பா. இத ஒருக்க வாசிச்சுட்டு வாறேன். இவரு காதால கேக்கட்டு."

"வேண்டாம் மக்கா."

அதற்குள் அவள் பக்கத்தைப் பிரித்துவிட்டாள்.

"'ஆர்மோனியக்காரர் கனகதாஸ் வெள்ளிக்கிழமைதோறும் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கடிதத்தை நீட்டுவார். அதில் ஒன்று எங்கள் கோமாளிக்கு மனப்பாடம். சோர்ந்துபோன நாட்களில் அவனைச் சொல்லச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிப்போம்.' கேட்டீரா? சிரிச்சாளாம்!"

கனகதாஸ் தரையைப் பார்த்தான். வாசல்படியில் கால் வைத்த வாத்தியார் அங்கேயே நின்றார்.

"'அன்புள்ள விலாசினிக்கு, நீ பாடக் கேட்ட நாள்முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் குரல் பனங்கற்கண்டாக என் நெஞ்சில் கரைகிறது. இப்படிக்கு உன் அடிமை.' இம்புட்டுதான் கடிதம். தூ! நாலாங்கிளாஸ் பிள்ளை இதைவிட நல்லா எழுதும்!"

வாத்தியாரின் முகம் சிவந்தது.

"இம்புட்டுதானா? நல்லாப் பாரு."

"பாத்தாச்சு அப்பா. இம்புட்டுதான் இருக்கு."

"இருக்காது!" குடையைப் போட்டுவிட்டு வந்து புத்தகத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினார். முன்னால் ஒரு பக்கம் புரட்டினார், பின்னால் ஒரு பக்கம் புரட்டினார்.

"பாவி! கற்கண்டுக்குப் பிறகு ஒரு வெண்பா உண்டுமே, அத விட்டுட்டாளே!"