இரண்டாவது ஸ்கேன்

"மறுபடியும் ஸ்கேனா? விடிஞ்சா ஆபரேஷன். இப்ப வந்து படம் சரியா விழலைங்கறீங்க!"

மகள் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"என் தப்புதாம்மா. ஆபரேஷனையும் ரெண்டு நாள் தள்ளி வச்சிருக்காங்க," என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

"அதுவரைக்கும் புற்றுநோய் லீவு போட்டுட்டு உக்காந்திருக்குமா? படம் எடுக்கத் தெரியலைன்னா பாஸ்போர்ட் போட்டோ கடைக்குப் போங்களேன்!"



சக்கர நாற்காலியில் இருந்த அப்பாதான் அடக்கினார். "விடு பாப்பா. வெட்டப்போறது நம்ம டாக்டரு. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது."

கணையத்தில் கட்டி, வெட்டணும் என்றதும் இரண்டு ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து ஓடிவந்த மனுஷன். இந்த டாக்டர் ஒருத்தரை நம்பித்தான் படுக்கவே சம்மதித்தார். அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டால்? மகளுக்கு அந்தப் பயம்தான் கோபமாகக் கொட்டியது.

ஆபரேஷன் எட்டு மணி நேரம் நடந்தது. பத்தாம் நாள் அப்பா எழுந்து நடந்தார். நர்ஸிடம் வம்புகூட வளர்த்தார்.

மகள் டாக்டரின் அறைக்கு ஓடினாள். நன்றி சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

"எனக்கு எதுக்கும்மா? ஸ்கேன் ரூம்ல இருக்கே அந்தப் பொண்ணு, அதுகிட்ட போய்ச் சொல்லுங்க."

"அவங்களுக்கா?"

"உங்கப்பாவுக்குக் கல்லீரலுக்கு ரத்தம் போற பெரிய குழாய் ஆரம்பிக்கிற இடத்துலயே சுருங்கிக் கிடந்துச்சு. கல்லீரல் ஒரு சின்னக் கிளைக் குழாயை நம்பித்தான் பொழைச்சுக்கிட்டிருந்துச்சு. கட்டியை எடுக்கறப்போ நாங்க வழக்கமா வெட்டுறதே அந்தக் கிளையைத்தான். தெரியாம வெட்டியிருந்தா கல்லீரலே போயிருக்கும். அந்தப் பொண்ணுதான் படத்தைப் பக்கவாட்டுல திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிச்சுது. அப்புறம்தான் சுருக்கத்தை முதல்ல விடுவிச்சுட்டுக் கட்டியில கத்தியை வச்சேன்."

"ரெண்டாவது எடுத்தாங்களே, அந்தப் படத்துலதானே?"

"முதல் படத்துல. ரெண்டாவது, அதை உறுதி பண்ண."

"முதல் படம் சரியா விழலைன்னாங்களே டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நல்லாத்தான் விழுந்திருந்துச்சு. பார்த்தும் கோட்டை விட்டவன் நான்தாம்மா. அது தெரிஞ்சா உங்கப்பா இங்கேயும் படுக்க மாட்டார்னுதான், அந்தப் பொண்ணு பழியைத் தன் தலையில போட்டுக்கிச்சு."