வான்மதியை எந்த அணியில் சேர்ப்பது

மைதானத்தின் இரண்டு முனைகளிலும் பிள்ளைகளின் பெயர் பதிய மேசை போட்டிருந்தார்கள்.

வடக்கு முனையில் ஊரிலேயே பெரிய கால்பந்து கிளப். நீலக் கூடாரம், சீருடை போட்ட மூன்று கோச்கள், முதலுதவிக்கென்றே ஒரு பெண். எங்கள் அமெரிக்க ஊரான வெஸ்ட் வின்ட்சரில் எனக்குத் தெரிந்த பெற்றோர் எல்லோரும் அந்த வரிசையில்தான் நின்றார்கள்.

தெற்கு முனையில் ஞானசீலன் தனியாக உட்கார்ந்திருந்தார். வார நாட்களில் மருந்து கம்பெனி வேலை. சனி ஞாயிறுகளில் பத்து வயதுப் பெண்களின் சாக்கர் அணிக்கு அவர் கோச். அவருடைய சின்ன மகளும் அதில்தான் ஆடுகிறாள்.

போன சீசன் முழுக்க அவர் அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

ஒரு குழந்தை தடுக்கி விழுந்தாலே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கத்துவாராம். ஓடிப்போய் மண்டியிட்டு, கண்ணை உற்றுப் பார்த்து, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பாராம். தலையில் பந்து லேசாக உரசினால் போதும், அன்றைக்கு அந்தக் குழந்தை வெளியேதான். பெற்றோர் சண்டை பிடித்தாலும் அசையமாட்டாராம். அதனால்தான் ஒவ்வொருவராக வடக்கு முனைக்குப் போய்விட்டார்கள்.

என் கணவர் காரைவிட்டு இறங்கவில்லை. எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார். ஞானசீலனின் முகத்தை அவர் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது.

நான் வான்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு தெற்கே நடந்தேன்.

"அம்மா, ராங் சைட்," என்றாள்.

என்னைப் பார்த்ததும் ஞானசீலன் எழுந்தார். பிறகு வான்மதியைப் பார்த்தார். அவள் அக்காவின் அதே நெற்றி, அதே நடை.

"வேணாம் செல்வி. அந்த கிளப்லயே சேர்த்துடுங்க. அவங்க ட்ரெயினிங் எடுத்தவங்க."

"அவங்களுக்கு இவ யாருன்னு தெரியாதுண்ணா. நீங்க பாத்துக்குங்க."

அவர் காரின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

படிவத்தை நானே இழுத்து நிரப்பினேன். உடன்பிறந்தவர் யாராவது இந்த அணியில் ஆடியிருக்கிறார்களா என்று ஒரு கேள்வி இருந்தது. அனன்யா என்று எழுதினேன். அந்தப் பெயரை எழுதி எவ்வளவு நாளாயிற்று.

அனன்யாவுக்கும் அப்போது பத்து வயது. பந்துக்கு எம்பியபோது இன்னொரு பெண்ணின் தலையோடு மோதி விழுந்தாள். உடனே எழுந்து, ஐ'ம் ஓகே கோச், என்று சிரித்தாள். திரும்ப உள்ளே போனாள். இரண்டே நிமிஷத்தில் மறுபடி விழுந்தாள். அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை.

அடிபட்ட குழந்தையை உள்ளே அனுப்பியது யார் என்று விசாரிக்க வந்தவர்கள் கேட்டார்கள். நான்தான் என்றார் ஞானசீலன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவர் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியபோதும் அதையேதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

படிவத்தை வாங்கி, கடைசிக் கோட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு வான்மதியின் முன்னால் குனிந்து, ஷூ கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

அன்றைக்கு அனன்யாவின் தோளைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே அழைத்துவந்தது அவர்தான். இன்றைக்குப் போதும், உட்காரட்டும் என்று என்னிடம் சொன்னார்.

ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். ஐந்து நிமிஷம் பாக்கி.

அவளுக்கு ஒன்றுமில்லை, அனுப்புங்கள் என்று சொன்னது நான்.